பங்குனியில் ஒரு வாரம் மழை

ஆகஸ்ட் 14

காலையில் இவரை ரயில் ஏற்றிவிட்டு, வரும் வழியில் மார்க்கெட்டில் வெண்டைக்காய் வாங்கினேன். கடைக்காரர் வழக்கம்போல அரைக் கிலோ நிறுத்தினார். பாதியை எடுக்கச் சொன்னேன். "ஐயா ஊருக்குக் கெளம்பியாச்சுங்களா?" என்று கேட்டார். ஈரோட்டில் பாதிப்பேருக்கு என் குடும்ப நிலவரம் காய்கறித் தராசில் தெரிந்துவிடுகிறது.

இந்த நோட்டு டாக்டரம்மா சொல்லி வாங்கியது. குழந்தைக்காகப் பார்க்கப் போனோம். எல்லாப் பரிசோதனையும் செய்துவிட்டு, இரண்டு பேருக்கும் ஒரு குறையும் இல்லை, முதலில் ஒரே ஊரில் இருங்கள் என்றார். அது நடக்காது என்று நான் சொன்னதும், மனசில் இருப்பதை எழுதியாவது வை, தூக்கம் வரும் என்றார். எனக்கு முப்பத்தாறு வயது. தூக்கத்துக்கா நான் போனேன்?

இவர் என்பது அர்த்தநாரி. திருச்செங்கோட்டில் தெருவுக்கு நாலு பேருக்கு அந்தப் பேர் உண்டு. மலைமேல் இருக்கும் சாமி ஓருடம்பில் பாதி ஆண், பாதி பெண். எங்கள் வீட்டில் ஆண்பாதி மத்தியப் பிரதேசத்தில் போர் வண்டி வைத்துக்கொண்டு ஆழ்குழாய்க் கிணறு தோண்டுகிறது. பெண்பாதி ஈரோட்டில் ஓர் ஆராய்ச்சி மையத்தில் உட்கார்ந்து வறட்சி வருமா வராதா என்று கணக்குப் போடுகிறது. அங்கே மழைக்காலத்தில் வண்டி சேற்றில் இறங்காது. அதனால்தான் வருஷத்துக்கு ஒருமுறை ஆடியில் வந்து சில நாள் இருக்கிறார். கல்யாணமாகிப் பத்து வருஷத்தில் மொத்தம் எத்தனை நாள் சேர்ந்து இருந்தோம் என்று கணக்குப் போட எனக்குத் தெரியும். போடமாட்டேன்.

ஆகஸ்ட் 15

விடுமுறை. இவருடைய லுங்கி கொடியிலேயே கிடக்கிறது. காய்ந்துவிட்டது. எடுக்கவில்லை.

ஆகஸ்ட் 22

பசிபிக் கடல் குளிர ஆரம்பித்திருக்கிறது. அது எங்கேயோ கிடக்கும் கடல்தான். ஆனாலும் அது குளிர்ந்தால் வடக்கே நல்ல மழை பெய்யும், நமக்கு ஐப்பசி கார்த்திகை மழை பெரும்பாலும் ஏமாற்றிவிடும். எப்போதும் அப்படி நடப்பதில்லை, ஆனால் அடிக்கடி நடக்கிறது.

எங்கள் வேலை இதுதான்: உலக வானிலை மையங்கள், கடலையும் காற்றையும் இன்று இருக்கும் நிலையில் எடுத்துக்கொண்டு, துளித்துளி மாற்றிவைத்து ஐம்பத்தோரு முறை கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்க்கும். ஒவ்வோர் ஓட்டத்திலும் வரும் ஆறு மாதத்து மழை வேறு வேறு விதமாக விழும். அந்த மழையைக் குறும்பாற்றுப் படுகைக்கு நாங்கள் கம்ப்யூட்டரில் கட்டிய மாதிரியில் கொட்டுவோம். மண் எவ்வளவு குடிக்கும், ஓடையில் எவ்வளவு ஓடும், அணைக்கு எவ்வளவு வந்து சேரும் என்று அது சொல்லும். ஐம்பத்தொன்றில் முப்பது ஓட்டம் அணை நிரம்பாது என்றால் அதற்கேற்ற எச்சரிக்கை. ஒரே ஓட்டத்தைப் பிடித்துக்கொண்டு ஆடக்கூடாது. இருதயராஜ் சார், எங்கள் தலைவர், புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு முதல் நாள் சொல்வது: "புடிச்ச ஓட்டத்த மட்டும் பாக்கறவன் ஜோசியக்காரன்."

நான் இன்று பசிபிக் படத்தை மூன்று தடவை திறந்தேன். குளிர்ச்சியைக் காட்டும் நீல நிறம் நன்றாகத்தான் இருக்கிறது.

செப்டம்பர் 3

இவர் போன் செய்தார். அங்கே மழை கொட்டித் தீர்த்துவிட்டதாம். கிணறெல்லாம் வாய்வரை நிற்கிறது, எவனும் போர் போடக் கூப்பிடவில்லை. வண்டியில் பங்குள்ள மற்ற இருவரும் ராஜஸ்தானுக்குப் போகலாம் என்கிறார்களாம். ராஜஸ்தான் போனால் அடுத்த ஆடிக்குக்கூட வருவது சந்தேகம்.

"நம்ம பக்கம் காயற மாதிரி இருந்தா சொல்லு அம்மிணி, வண்டிய அங்கயே கொண்டாந்தர்றேன். வருஷம் முச்சூடும் வூட்லயே இருக்கலாம்" என்றார்.

அறிக்கை வெளிவரும் முன் வெளியாளுக்குச் சொல்லக் கூடாதுங்க என்றேன். நான் வெளியாளா என்று சிரித்தார். நானும் சிரித்தேன். போனை வைத்த பிறகு, வருஷம் முழுக்க வீட்டில் ஒரு ஆண்பிள்ளை இருந்தால் எவ்வளவு அரிசி ஆகும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

செப்டம்பர் 11

தும்பைக்காட்டு மழைமானி நாலு நாளாகப் பூஜ்யம் அனுப்புகிறது. தும்பைக்காடு மலைமேல் இருக்கும் சின்ன ஊர். அணைக்கு வரும் தண்ணீரில் பெரும்பங்கு அந்த மலையில் பெய்வதுதான். மானி அங்கே பள்ளிக்கூட வளாகத்தில் இருக்கிறது. மூன்று நாள் தொடர்ந்து பூஜ்யம் வந்தால் அங்கே போன் போட்டுக் கேட்க வேண்டும் என்பது நான் போட்ட சட்டம். மழை பெய்யாமல் வரும் பூஜ்யம் வேறு, மானி கெட்டுப்போய் வரும் பூஜ்யம் வேறு. கம்ப்யூட்டருக்கு இரண்டும் ஒன்றுதான். இதற்காக, என்னிடம் வேலை பழகிய ஷம்ஷாத்தை எத்தனை தடவை திட்டியிருக்கிறேன்.

இன்று போட நினைத்தேன். மலையில் சிக்னல் கிடைப்பது கஷ்டம். பேங்குக்கு வேறு போக வேண்டியிருந்தது.

செப்டம்பர் 12

தையல்காரரிடம் ரவிக்கைத் துணி கொடுத்தேன். மாம்பழ மஞ்சள். எப்போது வேண்டும் என்றார். தீபாவளிக்கு முன்னால் என்றேன். போன் போடவில்லை. சிக்னல் இருக்காது.

செப்டம்பர் 18

முடிவு வந்துவிட்டது. ஐம்பத்தொன்றில் நாற்பத்து மூன்று ஓட்டத்தில் அணை பாதிகூட நிரம்பவில்லை. கடும் வறட்சி.

வானிலை மையங்கள் சொல்வது மழை கொஞ்சம் குறையும் என்றுதான். ஆனால் எங்கள் மாதிரியில் மலை மண் எலும்பாகக் காய்ந்து கிடக்கிறது. விழுவதில் முதல் பங்கை அதுவே குடித்துவிடும், ஓடைக்கு மிஞ்சாது. கணக்கு அப்படித்தான் வருகிறது. நான் என்ன செய்ய?

பக்கத்து மேசை ஷம்ஷாத், "என்னக்கா, இத்தன செவப்பா படம் வந்திருக்கு, நீங்க வாய்க்குள்ள பாட்டுப் பாடிட்டிருக்கீங்க?" என்று கேட்டாள். பாடவில்லை என்றேன். பாடியிருக்கிறேன் போலிருக்கிறது.

மத்தியானம் மாடிப்படியில் நின்று இவருக்குப் போன் செய்தேன். "வண்டிய இந்தப் பக்கம் திருப்புங்க" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அவர் வேறு ஒன்றும் கேட்கவில்லை.

செப்டம்பர் 28

அறிக்கை வெளியானது. வலது வாய்க்காலுக்கு இந்தப் பருவத்தில் தண்ணீர் விடுவது சந்தேகம், நெல் போட வேண்டாம், சோளமோ எள்ளோ விதையுங்கள் என்று அணை அதிகாரிகள் அதை வைத்து அறிவித்துவிட்டார்கள்.

சாயங்காலம் பாவாயி அக்கா கூப்பிட்டார். வலது வாய்க்காலின் கடைமடையில் இரண்டு ஏக்கர் வைத்திருப்பவர், வீட்டுக்காரர் இறந்த பிறகு தானே உழுது பிழைப்பவர். மூன்று வருஷம் முன்னால் ஒரு விவசாயிகள் கூட்டத்தில் என் கையைப் பிடித்து நம்பர் வாங்கிக்கொண்டார். அன்றிலிருந்து நாற்று விடுவதற்கு முன் என்னைக் கேட்காமல் விடமாட்டார்.

"நெசந்தானுங்களா அம்மிணி?"

நிஜந்தான் என்றேன். மூன்று வருஷமும் நீங்கள் சொன்னது தப்பவில்லை என்றார். அதுவும் நிஜந்தான்.

அக்டோபர் 2

ஒட்டடை அடித்தேன். பீரோவில் இவருக்கு ஒரு தட்டு ஒதுக்கினேன். இந்த வீட்டில் இவருக்கென்று ஒரு தட்டுகூட இல்லாமல்தான் இத்தனை வருஷம் இருந்திருக்கிறது. பை வைத்தே வாழ்ந்து பையோடே போய்விடுவார். இனிமேல் அப்படி இல்லை. இட்லி அரிசி இரட்டிப்பாக வாங்கினேன். மார்க்கெட்டில் நானே கேட்டு வெண்டைக்காய் அரைக் கிலோ வாங்கினேன்.

பங்குதாரர்கள் சம்மதித்துவிட்டார்கள். புதன்கிழமை வண்டி அங்கிருந்து கிளம்பும்.

அக்டோபர் 6

பாவாயி அக்கா மறுபடியும். தண்ணீர் வராது என்று ஆனபின் சும்மா இருக்க முடியுமா, போர் போடப் போகிறாராம். கறவை எருமையை விற்றுவிட்டார். "ரெண்டு வேளையும் கறந்துட்டிருந்துச்சு. வாங்க வந்தவன் கவுத்தப் புடிச்சா நகர மாட்டீங்குது. நானே சந்தை வரைக்கும் ஓட்டீட்டுப் போயி வுட்டுப்போட்டு வந்தேனுங்" என்றார். திருச்செங்கோட்டிலிருந்து வண்டி வருகிறது, மத்தியப் பிரதேசத்திலிருந்து திரும்புகிற வண்டியாம், ஏஜென்ட் முதல் ஆளாக அக்கா பேரைப் போட்டிருக்கிறான்.

அது யார் வண்டி என்று எனக்குத் தெரியும். நான் சொல்லவில்லை. ராத்திரிச் சாப்பாட்டுக்கு உப்புமா கிண்டி, சாப்பிடப் பிடிக்காமல் மூடிவைத்தேன்.

அக்டோபர் 8

ஷம்ஷாத் அணையின் நீர்மட்டப் படத்தை என் மேசையில் கொண்டுவந்து வைத்தாள். செப்டம்பர் முழுக்க மட்டம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியிருக்கிறது.

"மழையே பெய்யாத மலையிலருந்து தண்ணி எப்படிக்கா வரும்?"

மேலே யாராவது மதகைத் திறந்திருப்பார்கள் என்றேன். மேலே மதகு கிடையாது, அது அவளுக்கும் தெரியும். தும்பைக்காட்டுக்குப் போன் போட்டீங்களா என்று கேட்டாள். என் வேலையை எனக்குக் கற்றுக்கொடுக்காதே என்று கத்திவிட்டேன். பாவம், முகம் சுண்டிப்போய் எழுந்து போனாள். கத்த வேண்டிய தேவையே இல்லை. அவள் கேட்டது நான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்த கேள்வி.

அக்டோபர் 9

விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு பஸ் பிடித்துத் தும்பைக்காடு போனேன்.

இரண்டாவது வளைவு தாண்டியதும் தெரிந்துவிட்டது. ரோட்டோரப் பாறையெல்லாம் ஒழுகுகிறது. ஓடை சத்தம் போட்டுக்கொண்டு ஓடுகிறது. புல் முழங்கால் உயரம். அப்படியே இறங்கி அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடலாம் என்று ஒரு நினைப்பு வந்தது. பார்க்கவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். அதையும் எழுதிவைக்கிறேன்.

மானியின் புனலுக்குள் மண்குளவி கூடு கட்டியிருந்தது. ஓட்டையை மண் வைத்து அழகாகப் பூசி அடைத்திருக்கிறது. மேலே ஒரு சாண் தண்ணீர் தேங்கி நிற்கிறது, கீழே அளக்கும் கிண்ணம் வறண்டு காய்ந்து கிடக்கிறது. குச்சியால் குத்தினேன். மடமடவென்று இறங்கியது.

பள்ளித் தலைமையாசிரியர் வந்தார். செப்டம்பரில் ஒருநாள் விட்டு ஒருநாள் மழையாம். "எப்பவும் மூணு நாள் மானி சும்மா இருந்தா போன் போட்டுக் கேப்பீங்களே, இந்தத் தடவ காணோமேன்னு பாத்துட்டிருந்தனுங்" என்றார். அவர் செல்போனில் சிக்னல் நாலு கோடும் நின்றது.

அக்டோபர் 10

சனிக்கிழமை. மையத்தில் ஆளில்லை. பக்கத்து ஊர் மானிகளையும் ஓடை அளவையும் வைத்து மலை மழையைத் திருத்திப் போட்டு, மண்ணை நனைத்துவிட்டு, ஐம்பத்தொன்றையும் மறுபடி ஓட்டினேன். கம்ப்யூட்டர் ஓடி முடிக்கும்வரை ஜன்னலோரம் நின்றேன். எனக்கு என்ன வேண்டும் என்று நன்றாகவே தெரிந்தது. மாதிரி மறுபடியும் சிவப்பாக வர வேண்டும். ஒரு ஆராய்ச்சியாளர் வேண்டிக்கொள்ளும் வேண்டுதலா இது? ஊரே காய வேண்டும், என் புருஷன் வீட்டுக்கு வர வேண்டும்.

பதினாறு ஓட்டத்தில்தான் பற்றாக்குறை. மற்றதில் அணை முக்கால் நிரம்புகிறது. வலது வாய்க்காலுக்குத் தண்ணீர் உண்டு.

இவர் போன் செய்தார். நாக்பூர் தாண்டிவிட்டார்களாம். கரும்புக் கடை ஓரம் வண்டியை நிறுத்திச் சாறு குடித்துக்கொண்டே பேசினார். வீட்டில் மீன் குழம்பு வைத்து எத்தனை நாளாச்சு என்றார். வைக்கிறேன் என்றேன். பதினாறு ஓட்டத்தை மட்டும் சொல்லாமல் போனை வைத்தேன்.

அக்டோபர் 11

ஞாயிறு என்றும் பார்க்காமல் இருதயராஜ் சார் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். மானியை, குளவியை, போடாத போனை. இவரைப் பற்றியும் சொன்னேன். சார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அறிக்கை வந்து இரண்டு வாரம், இன்னும் நாற்று விட நாள் இருக்கிறது, இன்றைக்கே திருத்தம் போகட்டும் என்றார். இனி இந்தப் பருவ அறிக்கைகளில் ஷம்ஷாத் கையெழுத்துப் போடட்டும் என்றும் சொன்னார். சரி என்றேன். வலித்தது. நியாயம்தான்.

சாயங்காலம் திருத்தம் வெளியானது. திரும்பும் வழியில் மீன் வாங்கினேன்.

அக்டோபர் 13

வந்துவிட்டார். திருச்செங்கோட்டில் ஷெட்டில் வண்டியை விட்டுவிட்டு மத்தியானம் வீடு வந்தார். கன்னமெல்லாம் கறுத்து, தலையில் டீசல் வாடை. நான் கதவிலேயே நின்று கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். "உள்ள வரலாமா வேண்டாமா?" என்று கேட்டார்.

சாப்பிட்டு முடிக்கட்டும் என்று காத்திருந்தேன். முடித்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். கையைக் கழுவப் போனவர் கழுவாமலே நின்றார்.

"அந்த மானி கெட்டுப்போனது ஒரு போன் போட்டிருந்தா தெரிஞ்சிருக்குமில்ல?"

"தெரிஞ்சிருக்குங்க. அதுக்குத்தான் போடல."

"அப்பறம் எதுக்கு என்னைய வரச்சொன்னே?"

"நீங்க வூட்ல இருக்கோணும்னு இருந்துச்சுங்க. வேறொண்ணுமில்ல."

அவர் கோபப்படுவார் என்று இருந்தேன். கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்கு இரண்டு போட்டிருப்பேன், எனக்கு அது சுலபம். இவர் குழாயைத் திறந்து கையை நெடுநேரம் கழுவினார். பிறகு, "மழ இல்லீனாத்தான் நான் வருவன்னு நெனச்சிட்டியா?" என்றார்.

"அப்படித்தானுங்களே வந்தீங்க?"

இவர் துண்டை எடுத்துக் கையைத் துடைத்தார். மீன் குழம்பை நான் மூடிவைத்தேன். சாயங்காலம்வரை இரண்டு பேரும் ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அப்படியும் வீடு நிறைந்திருந்தது.

அக்டோபர் 14

இரண்டு பேரும் பைக்கில் பாவாயி அக்கா தோட்டத்துக்குப் போனோம். போர் போட வேண்டாம் என்று சொல்லி, ஏஜென்டிடம் கொடுத்த முன்பணத்தை இவர் திருப்பிக் கொடுத்தார். நான் நடந்ததைச் சொன்னேன். குளவியோடு நிறுத்திக்கொள்ள நினைத்தேன், முடியவில்லை. போன் போடாததையும் சொன்னேன்.

மாட்டுக்கொட்டகையில் முளைக்குச்சி மட்டும் நின்றது. அதைச் சுற்றிப் புதுசாகப் புல் முளைத்திருந்தது.

"நீங்க சொன்னீங்கன்னு கண்ண மூடிட்டு வித்தேன் அம்மிணி. இப்ப தண்ணி வரும்ங்கறீங்க. இதையாச்சும் நம்பலாமா?"

"நம்புங்கக்கா. நாத்து வுடுங்க."

"சரீங்" என்றார். மற்ற சமயம் போனால் காப்பி குடிக்காமல் விடமாட்டார். இன்று தண்ணீர்ச் சொம்பைக்கூட எடுத்து வரவில்லை.

எருமையை வாங்கியவனைத் தேடி இவர் சந்தைக்குப் போனார். அது இரண்டு கை மாறிக் கேரளா போய்விட்டதாம்.

அக்டோபர் 20

பங்குதாரர்கள் வண்டியை உடனே ராஜஸ்தானுக்குத் திருப்பச் சொல்கிறார்கள். இவர் பேரில் பயங்கரக் கடுப்பு. பெண்டாட்டி பேச்சைக் கேட்டவன் என்று பட்டம் கட்டிவிட்டார்கள். "நெசந்தானே" என்று இவர் பல் துலக்கிக்கொண்டே சொன்னார். வெள்ளிக்கிழமை கிளம்ப வேண்டும்.

அக்டோபர் 23

வெள்ளிக்கிழமை. விடியும் முன்பே மழை பிடித்துக்கொண்டது. ஷெட்டுக்குப் போகும் மண்ரோடு உழுத வயலாகிவிட்டது. அத்தனை எடையுள்ள போர் வண்டி ஓர் அடி நகராது. இவர் போய்ப் பார்த்துவிட்டு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தார். கால் முழங்கால்வரை சேறு.

"நகராதா?" என்று கேட்டேன். முகத்தை முடிந்தவரை வருத்தமாக வைத்துக்கொண்டேன்.

"சிரிக்காத" என்றார்.

அக்டோபர் 30

மழை. பஜ்ஜி.

நவம்பர் 9

தீபாவளி போனது. மாம்பழ மஞ்சள் ரவிக்கை கை இறுக்கம். இவர் பிரித்துத் தைத்துக் கொடுத்தார். வண்டியில் தார்ப்பாய் தைத்த கை, தையல் பார்க்க ஒரு தினுசாகத்தான் இருக்கிறது. அதையே போட்டுக்கொண்டு மையத்துக்குப் போனேன். ஷம்ஷாத் கேட்டாள், சொன்னேன். நான் கத்தினதற்கு மன்னிப்புக் கேட்டாயிற்று. அவள் எழுதிய நவம்பர் அறிக்கை நன்றாக இருந்தது. ஓரிடத்தில் மட்டும் கேள்வி கேட்டேன், பதிலும் வைத்திருந்தாள்.

ஒருநாள் விட்டு ஒருநாள் பெய்கிறது. பெய்யாத நாளில் ரோடு காய்வதற்குள் மறுபடி பிடித்துக்கொள்கிறது. வறட்சி ஆராய்ச்சிக்காரியாகப் பத்து வருஷம் இருந்து, இப்போதுதான் முதல் தடவையாக மழையை மழையாகப் பார்க்கிறேன். ராத்திரி ஓட்டில் விழும் சத்தம் கேட்டால் இன்னும் ஒரு நாள் என்று மனசு குதிக்கிறது. இத்தனை நாள் வறட்சியை வேண்டிக்கொண்டிருந்தேனே, இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

நவம்பர் 24

அணை முக்காலுக்கு மேல். வலது வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிறது. பாவாயி அக்கா கூப்பிட்டார். கடைமடைவரை வந்துவிட்டதாம், நடவு முடிந்ததாம். நன்றாக இருக்கிறீர்களா என்று கேட்டேன். "இருக்கறனுங். பாக்கெட் பாலுதான் வாய்க்கு ஒத்துக்க மாட்டீங்குது" என்றார். குத்திக் காட்டுவதற்காகச் சொல்லவில்லை. இருப்பதைச் சொன்னார். அதனால்தான் போனை வைத்த பிறகும் அது காதில் நிற்கிறது.

டிசம்பர் 3

மழை விட்டு இரண்டு நாள் ஆகிறது. வெயில் சுள்ளென்று அடிக்கிறது. அடுத்த பத்து நாளைக்கான கணிப்பைத் திறந்தேன், மூடினேன், மறுபடி திறந்தேன். ஒன்றுமில்லை. இவர் காலையில் எழுந்ததும் வாசலில் இறங்கி, மண்ணைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கிறார். நான் சமையலறை ஜன்னலிலிருந்து அதைப் பார்க்கிறேன். இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

டிசம்பர் 6

வண்டி கிளம்பியது. ஷெட்வரை போனேன். கிளீனர் சீட்டைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது இவர் ஏதோ சொல்ல வந்து, பீரோவில் என் தட்டுத் துணிகளை அப்படியே வை, எடுத்துவிடாதே என்றார். சரி என்றேன். வண்டி மெயின் ரோட்டில் ஏறித் திரும்பும்வரை நின்றேன். இந்தத் தடவை வெண்டைக்காய் வாங்கவில்லை. ஷெட் வாசலிலேயே அழுதேன், வாட்ச்மேன் நாற்காலி போட்டுக் கொடுத்தார்.

டிசம்பர் 19

கால் கிலோ.

ஜனவரி 17

பொங்கலுக்கு வரவில்லை. ராஜஸ்தானில் வேலை தலைக்குமேல் இருக்கிறதாம். தரைக்குக் கீழே ஆயிரம் அடி போனாலும் தண்ணீர் இல்லாமல் புழுதிப் புகைதான் வருகிறதாம்.

டாக்டரம்மா தூக்கம் வருகிறதா என்று கேட்டார். வருகிறது என்றேன். நோட்டில் பாதி தீர்ந்துவிட்டது.

ஜனவரி 24

சாயங்காலம் இவர் கூப்பிட்டார். சாப்பிட்டாயா, மின்கட்டணம் கட்டினாயா என்பதெல்லாம் முடிந்தது. பின்னால் டிரில் ஓடும் சத்தம். போனை வைக்கப் போகிறார் என்று நினைத்தேன்.

"ஏனம்மிணி, உன்ற கம்ப்யூட்டர்ல இந்தப் பக்கம் பாக்க முடியுமா?"

"எதப் பாக்கறதுங்க?"

"வண்டி சேத்துல நிக்கற மாதிரி மழ எப்ப வரும்னு."

இத்தனை வருஷத்தில் இவர் என்னிடம் எங்கே காயும் என்றுதான் கேட்டிருக்கிறார். பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

ஜனவரி 25

அது எங்கள் படுகை இல்லை. எங்கள் மாதிரியில் அந்த ஊரே கிடையாது. மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போன பிறகு உலக மையங்களின் கணிப்பைத் திறந்தேன். தார்ப் பாலைவனத்தின் ஓரம். ஜூன் கடைசிவரை ஒவ்வோர் ஓட்டமாகப் பார்த்தேன். சுத்தமாகக் காய்ந்து கிடக்கிறது. தரவு சரிதானா என்றுகூடச் சோதித்தேன். அந்தப் பக்கத்து மானிகள் எல்லாம் ஒழுங்காக வேலை செய்கின்றன, குளவி எதுவும் இல்லை. ஆடிவரை ஒன்றுமில்லை. அதை அப்படியே இவரிடம் சொன்னேன். "சரி, பாத்தியில்ல, போதும்" என்றார்.

ஒரே ஒரு ஓட்டத்தில் மட்டும், ஐம்பத்தொன்றில் ஒன்றில், பங்குனி மாதம், பாலைவனத்தில், ஒரு வாரம் விடாமல் மழை. பைத்தியக்கார ஓட்டம். அதை வைத்து யாராவது பேசினால் நானே ஜோசியக்காரன் என்று திட்டி வெளியே அனுப்புவேன். இவரிடமும் அதைச் சொல்லவில்லை.

பிரிண்ட் எடுத்து வந்து, சமையலறையில் காலண்டர் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன்.